சனிக்கிழமை ஜப்பான்

கம்சாயினி சொன்ன பொய் ஒரேயொரு சொல்தான். அதுவும் தமிழ்ச் சொல் இல்லை.

பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. நியூசிலாந்தின் ஓக்லண்டில், ஹென்டர்சன் ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒரு பழைய மண்டபம். வாரநாட்களில் அங்கே வயதானவர்கள் சீட்டு விளையாடுவார்கள், சனிக்கிழமைகளில் ஜப்பானியப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடக்கும். பாட்டு, கதை, மடித்த காகிதத்தில் கொக்கு, தவளை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் படியேறினாள். ஏறி முடிப்பதற்குள் கை காலியாகிவிட்டது. ஆறு வயதுப் பிரணவி சப்பாத்துகளைக் கழற்றி, அவற்றின் மூக்கு வாசலைப் பார்க்கும்படி சப்பாத்துத் தட்டில் திருப்பி வைத்துவிட்டு உள்ளே ஓடிப்போனாள். ஓடிப்போய், அங்கே வட்டமாக உட்கார்ந்திருந்தவர்களிடம் என் பெயர் நவி, என்ன விளையாட்டு, யார் தொடங்குவது, நானும் சேரலாமா என்று மழை கொட்டுவதுபோல ஜப்பானிய மொழியில் கேட்டாள்.

வகுப்பை நடத்தும் ஆசிரியர் கவாசே சென்செய்க்கு அறுபது வயதிருக்கும். அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு கம்சாயினியிடம் திரும்பி, அதே மொழியில், அவளுக்காக மெதுவாகச் சொன்னார்:

“இங்கே இடம் குறைவு. அதனால் தாய் தகப்பனில் ஒருவராவது ஜப்பானியராக இருக்கிற பிள்ளைகளைத்தான் சேர்க்கிறோம். நவிச்சானின் அப்பா ஜப்பானியர்தானே?”

எல்லாமே விளங்கியது. ஒரு சொல் விடாமல் விளங்கியது. “ஹாய்” என்றாள் கம்சாயினி. ஆம் என்று அர்த்தம்.

ஏன் சொன்னாள் என்று பிறகு எத்தனையோ தரம் யோசித்தாள். மகளின் சப்பாத்து ஏற்கனவே தட்டில் இருந்தது, அதை எடுத்து மறுபடி மாட்டிவிட மனம் வரவில்லை என்று ஒருநாள் தோன்றும். இன்னொரு நாள் அது சாட்டு என்று தோன்றும். சரியான காரணம் ஒன்று எங்கேயோ இருந்தது. வீட்டில் பூட்டின் திறப்பு இருக்கும், தேடினால் கிடைக்காது, அதுபோல.

கணவன் கேதீஸ்வரனிடம் அன்று பின்னேரமே சொல்லிவிட்டாள். அவன் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டுச் சிரித்தான்.

“அப்ப நான் ஜப்பான்காரனோ? என்ன பேர் வைச்சிருக்கிறீர் எனக்கு?”

“பகிடி விடாதேங்கோ. நீங்கள் அந்தப் பக்கம் வராட்டிச் சரி.”

“எனக்குச் சனிக்கிழமை வேலையப்பா. வரச் சொன்னாலும் வரேலாது.”

அவனுக்கு நகரின் தெற்கே விரி என்ற இடத்தில் வேலை. பெரிய பண்டகசாலை ஒன்றில் பெட்டிகளை நகர்த்தும் பட்டிகள் நின்றுபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு முன் எட்டு வருடம் ஜப்பானில் குன்மா மாகாணத்தில் கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் இருந்தான். யாழ்ப்பாணத்தில் கல்யாணம் முடித்துக் கம்சாயினி நேரே போய் இறங்கியது அந்தக் குளிர் ஊரில்தான். பிரணவி பிறந்ததும் அங்கேதான்.

பிறந்தாள் என்பதற்காக ஜப்பான்காரியாகிவிடவில்லை. தாய் தகப்பன் யாரோ அவர்களுடைய நாடுதான் பிள்ளைக்கும் என்பது அங்கே சட்டம். ஆனால் பிரணவிக்கு அதை யாரும் சொல்லவில்லை. அவள் போன பிள்ளை பராமரிப்பு நிலையத்தில் கைக்குழந்தைகள் அறைக்குள் எட்டிப் பார்த்தால் தியாகோ, லின், சுமன், நவி. ஊர்க்காரருக்குப் பிள்ளைகள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டு போக, தொழிற்சாலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளால் தொட்டில்கள் நிரம்பிக்கொண்டிருந்தன. பிரேசில் தகப்பன், வியட்நாம் தாய், நேபாளத் தம்பதி, ஒரு பக்கம் ஜப்பான் மறுபக்கம் பிலிப்பைன்ஸ். பிள்ளைகளோ ஒரே பாட்டைப் பாடின, ஒரே மாதிரிக் கோபித்தன. ‘பிரணவி’ வாயில் வராத ஆசிரியைகள் ‘நவி’ என்று சுருக்கி, செல்லமாக ‘நவிச்சான்’ என்றார்கள். அவளும் தன்னை நவி என்றே சொல்லிக்கொண்டாள். தமிழ் அவளுக்கு விளங்கும். பதில் ஜப்பானிய மொழியில் வரும்.

கேதீஸ்வரனின் ஒன்றுவிட்ட அக்கா உஷா பாபடோயிட்டோயில் இருக்கிறாள். ஓக்லண்டுக்கு வந்த புதிதில் அவள் வீட்டில்தான் ஒரு மாதம் நின்றார்கள். பிரணவி தாயைக் கூப்பிடுகிற கூப்பாடு உஷாவுக்குப் பெரிய புதினம்.

“தாயைப் போய் மாமா எண்டு கூப்பிடுறாள். அப்ப என்ரை மனுசனை என்னெண்டு கூப்பிடப் போறாள்? அம்மா எண்டோ?”

“அது அங்கத்தையப் பழக்கம் மச்சாள். மாறிடும்.”

“மாத்து பிள்ளை, மாத்து. அந்தப் பாஷையை வைச்சு இஞ்சை என்ன செய்யப் போறாள், மீன் விக்கவோ?”

உஷா சொல்வதில் நியாயம் இருந்தது. பிரணவி பள்ளிக்கூடம் போகத் தொடங்கி இரண்டு தவணை முடிவதற்குள் ஆங்கிலம் வந்து வீட்டுக்குள் காலை நீட்டிப் படுத்துவிட்டது. அது வருகிற வேகத்திலேயே மற்றது போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் பிரணவி தும்பியைக் காட்டி அதற்கான ஜப்பானியச் சொல்லைத் தேடினாள். கிடைக்கவில்லை. தோளைக் குலுக்கிவிட்டு வேறு எதையோ பார்க்கப் போய்விட்டாள். கம்சாயினிதான் குசினி ஜன்னலடியில் நின்று அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனைக்கும் அவளுடைய ஜப்பானியம் அரைகுறை. பராமரிப்பு நிலையத்து வாசலில் காலையும் மாலையும் நின்று பொறுக்கிய மொழி. காய்ச்சல், கால் மேசு, சாப்பிட்டாளா, தூங்கினாளா, மன்னியுங்கள், நன்றி, நாளைக்கும் பார்த்துக்கொள்ளுங்கள். செய்தி கேட்டால் ஒன்றும் விளங்காது. ஆனால் குழந்தை இரவில் காரணமில்லாமல் அழுவதற்கு அந்த மொழியில் ஒரு தனிச் சொல் உண்டு, யோனாகி என்று. உஷாவிடம் கதைக்கும்போது அது வாயில் வந்துவிட்டது. “அதென்னடி அது, சாப்பாட்டுச் சாமானோ?” என்று கேட்டாள் உஷா. தமிழில் என்ன என்று யோசித்தாள், வரவில்லை. தமிழில் குழந்தை வளர்த்திருந்தால்தானே வருவதற்கு.

ஒருநாள் ஜப்பானியக் கடையில் சோயா வாங்கப் போனவள் சுவரில் சனிக்கிழமை வகுப்பு விளம்பரத்தைக் கண்டாள். கண்டது முதல் அதுதான் நினைப்பு. பிள்ளையின் மொழி அழியக் கூடாது, அவ்வளவுதான் என்று கேதீஸ்வரனிடம் சொன்னாள். தனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டாள்.

*

வகுப்புக்குப் போய் வந்த மூன்றாவதோ நான்காவதோ வாரம், திரும்பி வரும் வழியில் காரின் பின்சீற்றிலிருந்து பிரணவி ஒரு கேள்வி கேட்டாள்.

“மாமா, இந்த வகுப்பில் ஏன் இவ்வளவு வெளிநாட்டுப் பிள்ளைகள்?”

கம்சாயினி கண்ணாடியில் மகளைப் பார்த்தாள். கறுத்த நெற்றி, இரட்டைப் பின்னல், முகத்தில் உண்மையான கவலை.

“ஆரைச் சொல்லுறாய்?”

“எல்லாரையும்தான். ரென், சாரா, மற்றப் பிள்ளைகள். எல்லாரும் இங்கிலீஷ்தானே கதைக்கிறார்கள்.”

ரென் என்பவன் மிஹோவின் மகன். மிஹோ ஒசாகாக்காரி, அவளுடைய கணவன் இந்த நாட்டு வெள்ளைக்காரன், குழாய் வேலை செய்பவன். மற்றப் பிள்ளைகளும் ஏறக்குறைய அப்படித்தான், தாய் ஜப்பான், தகப்பன் வேறெங்கோ. முகத்தில் ஜப்பான் தெரியும். சென்செய் முகத்தைத் திருப்பினால் போதும், வாயில் ஆங்கிலம் பாயும். அந்தக் கூட்டத்தில் ஜப்பானியப் பிள்ளை மாதிரிக் கதைப்பது பிரணவி ஒருத்திதான். அவளிடம் ஆங்கிலத்தில் கேட்டால் அவள் ஜப்பானியத்தில்தான் பதில் சொன்னாள், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு உதவி செய்கிற பொறுமையோடு. அவளுக்குப் பக்கத்தில் தன் பிள்ளையை இருத்தத் தாய்மார் முந்திக்கொண்டு வந்தார்கள்.

சிரிப்பதா, விளக்குவதா என்று கம்சாயினிக்குத் தெரியவில்லை. விளக்குவதென்றால் எங்கிருந்து தொடங்குவது? அவர்கள்தான் ஜப்பான், நீ இல்லை என்பதிலிருந்தா? சமிக்ஞை விளக்கு பச்சையாகி, பின்னால் யாரோ ஹோர்ன் அடித்தபிறகுதான் அவள் காரை எடுத்தாள்.

வகுப்பில் தோபன் என்று ஒன்று இருந்தது. முறை வைத்துத் தாய்மார் வந்து நின்று வேலை செய்ய வேண்டும். கதிரை விரிப்பது, அப்பிள் வெட்டுவது, கழிவறைக்குக் கூட்டிப் போவது, மூக்குத் துடைப்பது. மற்றவர்களுக்கு அது சுமை. ‘என் முறை வந்துவிட்டது’ என்று பெருமூச்சு விடுவார்கள். கம்சாயினி தன் முறை வருகிற கிழமை வெள்ளிக்கிழமையே உடுப்பு எடுத்து வைத்துவிடுவாள். ஏப்ரனைக் கட்டிக்கொண்டு மூன்று வயதுச் சின்னன்களோடு தரையில் இருந்தால் அவளுடைய ஜப்பானியம் தடங்காது. அந்த வயதோடு கதைக்க அவளிடம் எல்லாச் சொற்களும் இருந்தன. நான்கு வயதுக்கு மேலேதான் வழி தெரியாமல் போய்விடும்.

நாள் போகப் போக அவளுக்குப் பயம் கூடியது. பொய் பிடிபட்டால் பிள்ளையின் இடம் போய்விடும். இரண்டு பிள்ளைகள் இடத்துக்காகக் காத்திருக்கிறார்கள் என்று மிஹோ ஒருநாள் கதையோடு கதையாகச் சொன்னாள். இருவருக்கும் ஜப்பானியத் தாய். நியாயப்படி அந்த இடம் அவர்களுடையது. கம்சாயினி தலையாட்டிக்கொண்டு அப்பிளை வெட்டினாள். மெல்லியதாக, மிக மெல்லியதாக வெட்டினாள்.

*

ஜூன் மாதம் வந்தது. நியூசிலாந்தில் தகப்பன்மார் தினம் செப்டெம்பரில். ஜப்பானில் ஜூன். வகுப்பு ஜப்பான் வழக்கப்படி நடந்தது. அந்தச் சனிக்கிழமை அப்பாமார் எல்லோரும் வர வேண்டும், பிள்ளைகள் காகிதத்தில் செய்த கழுத்துப்பட்டியைக் கட்டிவிட்டு நன்றி சொல்வார்கள் என்று சென்செய் அறிவித்தார்.

“பாப்பா வருவாரா?” என்று பிரணவி கேட்டாள்.

“அப்பாக்கு வேலை.”

“பாப்பாவிடமே கேட்கிறேன்.”

கேட்டாள். கேட்ட விதத்தில் கேதீஸ்வரன் விழுந்துவிட்டான். குசினிக்குள் வந்து தலையைச் சொறிந்தான்.

“ஷிஃப்ட் மாத்திப் போட்டனப்பா.”

“உங்களுக்கு என்ன விசரோ?”

“பிள்ளை பட்டி செய்து வைச்சிருக்கிறாள். ஊதா நிறம். நான் என்ன செய்ய? வாறன், ஒரு மூலையிலை இருப்பன், வாயே திறக்க மாட்டன்.”

“வாய் திறக்காட்டில் ஜப்பான்காரன் எண்டு நினைச்சிடுவினமோ? கண்ணாடியைப் பாருங்கோ.”

“நீர்தானே என்னை ஜப்பான்காரன் ஆக்கி வைச்சனீர். நான் மாட்டன் எண்டனானோ?”

அவள் முன்கூட்டியே போய் சென்செய்யிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அதற்கான வசனத்தை மனதுக்குள் கட்டத் தொடங்கினாள். காய்ச்சல், மேசு, மன்னியுங்கள், நாளைக்கும் பார்த்துக்கொள்ளுங்கள். பொய் சொன்னதைச் சொல்வதற்குப் பராமரிப்பு நிலையத்து வாசலில் அவள் ஒன்றும் படித்திருக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை மழை. மண்டபத்து வாசல் முழுக்கப் பெரிய பெரிய ஆண் சப்பாத்துகள். உள்ளே வெள்ளைக்காரத் தகப்பன்மார், ஒரு சமோவாக்காரர், ஒரு சீனர், இரண்டு ஜப்பானியர். கேதீஸ்வரன் சொன்னபடி மூலையில் போய் இருந்தான். வாய் திறக்காமல் அவனால் ஐந்து நிமிடம் இருக்க முடிந்திருக்கும். ஜப்பானியத் தகப்பன் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது அவனையறியாமல், வேலை முடிந்து போகிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிற வணக்கத்தைச் சொல்லிவிட்டான். அந்த மனிதர் திடுக்கிட்டுத் திரும்பினார். எங்கே படித்தீர்கள்? குன்மாவில், தொழிற்சாலையில். குன்மாவா! அந்த மலைக்காற்று! ஆமாம், சைக்கிளோடு சேர்த்து ஆளைத் தூக்கும். கேதீஸ்வரனுடைய ஜப்பானியம் பட்டறை ஜப்பானியம், போர்மன் சத்தம்போடுகிற ஜப்பானியம். அதைக் கேட்டுப் பக்கத்தில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

“நன்றாகப் பேசுகிறீர்களே” என்று ஒருத்தி சொன்னாள்.

அவன் தலை குனிந்து நன்றி சொன்னான். எட்டு வருடம் கேட்டுப் பழகிய வசனம். பல்பொருள் கடையில், பஸ்ஸில், பல் வைத்தியரிடம். நன்றாகப் பேசுகிறீர்களே. அதை ஜப்பான்காரர் ஜப்பான்காரருக்குச் சொல்வதில்லை. நீ வெளியாள், ஆனாலும் பரவாயில்லை என்பதற்கு அவர்கள் வைத்திருக்கிற மரியாதையான சொல் அது. “அதைச் சொல்லாமல் ஒருத்தன் என்னோடை கதைச்ச நாளிலை எனக்கு ஒரு பியர் குடிச்ச மாதிரி இருந்தது” என்று அவனே முன்பு சொல்லியிருக்கிறான்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு முகமும் மாறவில்லை. பிள்ளைகள் வரிசையாக வந்து பட்டி கட்டினார்கள். பிரணவி தகப்பனுடைய கழுத்தில் ஊதாப் பட்டியை மாட்டி, எப்போதும் நன்றி, வேலையில் கவனமாக இருங்கள் என்று தெளிவாகச் சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். தப்பிவிட்டோமோ என்று கம்சாயினி மூச்சு விட்டாள்.

அப்போதுதான் மிஹோ குனிந்து பிரணவியின் தோளைத் தொட்டாள். நல்ல மனம் உள்ளவள், அன்பாகத்தான் சொன்னாள்.

“நவிச்சான், ஜப்பானிய மொழி நன்றாகப் பேசுகிறாயே.”

பெப்ரவரியிலிருந்து அந்த மண்டபத்தில் ஒருவரும் பிரணவியிடம் அதைச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. மற்றப் பிள்ளைகளின் ஆங்கிலத்தை யாராவது பாராட்டுவார்களா? தகப்பனைக் கண்டு கால்மணி நேரம் ஆகவில்லை. பாராட்டு வந்துவிட்டது. பக்கத்திலிருந்த இன்னொருத்தியும் “உண்மைதான், எவ்வளவு திறமை” என்றாள்.

பிரணவி மிஹோவைப் பார்த்தாள். பிறகு தகப்பனுடைய பட்டியைப் பார்த்தாள். நடக்கிறாய், மூச்சு விடுகிறாய், கெட்டிக்காரி என்று யாராவது சொன்னால் ஒரு பிள்ளை எப்படி முழிக்குமோ அப்படி முழித்தாள்.

*

தேநீர் முடிந்து தகப்பன்மார் கதிரைகளை மடித்துக்கொண்டிருந்தபோது கவாசே சென்செய் வந்தார். “நவிச்சான் அம்மா, கொஞ்சம்” என்று பின்பக்கத்துத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போனார். பிரணவியும் கூடவே வந்தாள். மழைத்தண்ணீர் கூரைப் பீலியால் ஊற்றிக்கொண்டிருந்தது.

சென்செய் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் கம்சாயினியை மேலும் குழப்பியது. அவர் ஏதோ நீளமாகச் சொன்னார். விதி, இடம், மற்ற அம்மாமார் என்று அங்கங்கே சொற்கள் தலைகாட்டின, மறைந்தன. கம்சாயினி வாயைத் திறந்தாள். மன்னியுங்கள் என்பது வந்தது. மறுபடியும் மன்னியுங்கள். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

கேதீஸ்வரனைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் அவன் இதை ஒரு பகிடியாக்கி, எல்லோரையும் சிரிக்கவைத்து, காரியத்தை முடித்துவிடுவான். ஏனோ அதை அவள் விரும்பவில்லை. தான் சொன்ன பொய் தன் வாயால்தான் போக வேண்டும் என்று தோன்றியது. ஆனால் வாயில் சொல் இல்லை. அவள் மகளுக்கு முன்னால் குந்தினாள்.

“பிள்ளை, அம்மா தமிழிலை சொல்லுறன். நீ சென்செய்க்குச் சொல்லுவியோ?”

பிரணவி தலையாட்டினாள்.

“அம்மா முதல் நாள் பொய் சொன்னவ எண்டு சொல்லு. அப்பா ஜப்பான் இல்லை, யாழ்ப்பாணம். அம்மாவும் யாழ்ப்பாணம். அது பிழை எண்டு அம்மாவுக்குத் தெரியும். ஆனால் பிள்ளையை வகுப்பிலை இருக்க விடச் சொல்லி அம்மா கேக்கிறா எண்டு சொல்லு.”

ஆறு வயதுப் பிள்ளை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்று சொன்னது. பொய் என்ற சொல் கம்சாயினியின் காதில் விழுந்தது. யாழ்ப்பாணம் என்பது யாப்பானா ஆகி விழுந்தது. சென்செய் ஒவ்வொன்றுக்கும் ம், ம் என்று தலையசைத்தார். மொழிபெயர்ப்பு அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் பிரணவி நிறுத்தவில்லை. தாயை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, இன்னும் ஏதோ சொன்னாள். அந்த வேகத்தில் வந்த ஜப்பானியத்தைக் கம்சாயினியால் பிடிக்க முடியவில்லை. மாமா என்பது மட்டும் இரண்டு மூன்று தரம் வந்தது.

சென்செய் எல்லோரும் போனபின் வீட்டில் தனியாகச் சிரிப்பார்களே, அப்படிச் சிரித்தார். கம்சாயினியிடம் சின்னச் சின்னச் சொற்களாகச் சொன்னார்:

“இந்த வருடம் இருக்கட்டும். மற்ற அம்மாமாரிடம் நான் பேசுகிறேன். அடுத்த வாரம் உங்கள் தோபன். வாருங்கள்.”

கம்சாயினி தலை நிலத்தில் முட்டும் அளவுக்குக் குனிந்தாள். இடம் தப்பியது. ஆனால் அந்தச் சிரிப்பு எதற்கு?

காருக்குள் ஏறியதும் கேட்டாள்.

“கடைசியிலை சென்செய்யிட்டை என்னம்மா சொன்னனீ?”

பிரணவி ஜன்னலில் வழிகிற மழையை விரலால் தொடர்ந்துகொண்டிருந்தாள். பதில் ஆங்கிலத்தில் வந்தது.

“எனக்கு அவ்வளவு விருப்பமில்லை, மம்மிக்குத்தான் அங்கே விருப்பம் என்று சொன்னேன். அதனால் மம்மியை இருக்க விடுங்கள் என்று சொன்னேன்.”

ஊதாப் பட்டியோடு ஓட்டிக்கொண்டிருந்த கேதீஸ்வரன் முதலில் சிரித்தான். மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். சமாதானமாக, ஜப்பானியத்தில், இன்று பசிக்கிறதா என்று மகளிடம் கேட்டான். அவள் அதற்கும் ஆங்கிலத்தில் ஓம் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்துத் தனக்குள் கதைப்பதுபோலச் சொன்னாள்:

“நன்றாகப் பேசுகிறாய் என்றார்கள். நான் முயற்சியே செய்யவில்லையே.”

அந்தக் கிழமை முழுக்க வீட்டில் ஜப்பானியம் கேட்கவில்லை. கம்சாயினி தமிழில் கேட்டாள், ஆங்கிலம் வந்தது. ஜப்பானியத்தில் கேட்டாள், ஆங்கிலம் வந்தது. மாமா போய் மம்மி ஆகிவிட்டது. உஷா தொலைபேசியில் இதைக் கேட்டுச் சந்தோசப்பட்டாள். “பாத்தியே, நான் சொன்னனான், மாத்து எண்டு. இப்ப தானா மாறிட்டுது.” கம்சாயினியும் ஓம் மச்சாள் என்றாள். பிள்ளை இந்த நாட்டில்தான் வாழப்போகிறது. நல்லதுதானே. நல்லதென்றால் நெஞ்சுக்குள் இது ஏன் கல்லாய்க் கிடக்கிறது என்பதுதான் பிடிபடவில்லை.

சனிக்கிழமை விடிந்தது. பிரணவி படுக்கையில் இருந்து அசையவில்லை.

“வெளிக்கிடு பிள்ளை.”

“ஐ டோன்ட் வாண்ட் டு.”

கம்சாயினி வற்புறுத்தவில்லை. அடுத்த அறையில் ஏப்ரனை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்த மனைவியைக் கேதீஸ்வரன் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு பார்த்தான். அன்றைக்கும் அவன் விடுமுறை எடுத்திருந்தான்.

“பிள்ளை போகேல்லை எண்டால் நீர் எங்கை வெளிக்கிடுறீர்?”

“இண்டைக்கு என்ரை முறை.”

“போன் அடிச்சு வரேல்லை எண்டு சொல்லும்.”

“முறையப்பா. வாறன் எண்டு சொன்னாச்சு.”

“பிள்ளை இல்லாத வகுப்பிலை நீர் போய் என்ன செய்யப் போறீர்?”

“அப்பிள் வெட்டுவன்” என்றாள்.

கார் ஓட்டும்போது இரண்டு தரம் திரும்பிவிட நினைத்தாள். பின்சீற் வெறுமையாக இருந்தது. மண்டபத்துத் தட்டில் தன் சப்பாத்தை மட்டும் வைத்தாள். சென்செய் அவளுக்குப் பின்னால் பார்த்தார், யாரும் இல்லை என்று கண்டார், ஆச்சரியப்படவில்லை. மிஹோவும் வேறு இருவரும் வணக்கம் சொன்னார்கள், வழக்கத்தைவிடச் சற்று அதிகமாகவே குனிந்து.

கம்சாயினி வரும் வழியில் கட்டி வைத்திருந்த வசனத்தைச் சொன்னாள். சின்ன வசனம். மூன்று துண்டாக வந்தது.

“நவி வரமாட்டாள். இடத்தை மற்றப் பிள்ளைக்குக் கொடுங்கள். நான் வரலாமா?”

சென்செய் புருவத்தை நெரித்தார். அவர் விதிகளை மதிக்கிற மனிதர். மனதுக்குள் ஒவ்வொரு விதியாக எடுத்துப் பார்க்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. தாய் தகப்பனில் ஒருவராவது ஜப்பானியராக இருக்க வேண்டும் என்பது பிள்ளைகளுக்கு. வளர்ந்தவர்களுக்கு, அதுவும் வேலை செய்ய வருகிறவர்களுக்கு, அப்படி ஒன்றும் யாரும் எழுதி வைக்கவில்லை.

“தோபனுக்கு எப்போதும் ஆள் போதாது” என்றார் கடைசியில். பிறகு ஒரு தடங்கல் வந்தது அவருக்கு. அந்த வகுப்பில் அம்மாமாருக்குப் பெயர் கிடையாது. ரென் அம்மா, சாரா அம்மா, நவிச்சான் அம்மா. பிள்ளை இல்லாத அம்மாவை என்னவென்று கூப்பிடுவது? சென்செய் தயங்கி, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அவளுடைய பெயரைக் கேட்டார்.

“கம்சாயினி.”

“கமு... சாயினி சான்” என்றார், பெரியவர்களுக்குச் சேர்க்கிற மரியாதையோடு.

“ஹாய்.”

பத்து மணியளவில் ரென் மேசைக் காலில் இடித்துக்கொண்டு மூக்கைப் பொத்தியபடி ஓடிவந்தான். விரல்களுக்கிடையே இரத்தம். ஆங்கிலத்தில் அழுதான். அவள் அவனை மடியில் இருத்தி, அண்ணாந்து பார்க்காதே, முன்னால் குனி, இங்கே பிடி, வாயால் மூச்சு விடு என்று சொன்னாள். எல்லாம் ஜப்பானியத்தில், யோசிக்காமல். அவன் ஆங்கிலத்தில் எவ்வளவு நேரம் என்று கேட்டான். பாட்டு ஒன்று முடியும்வரை என்று ஜப்பானியத்தில் சொன்னாள். பாடவும் செய்தாள். மிஹோ ஈரத்துணியோடு வந்து பக்கத்தில் நின்றாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமல் துணியை மட்டும் நீட்டினாள். கம்சாயினி அதை வாங்கிக்கொண்டாள்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது பிரணவி கம்பளத்தில் குப்புறப் படுத்துக் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏப்ரனில் காய்ந்த இரத்தத்தைக் கண்டு தலையைத் தூக்கினாள். என்ன நடந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

கம்சாயினி சொல்லத் தொடங்கினாள். தமிழில்தான் தொடங்கினாள். ஆனால் நடந்தது முழுக்க மற்ற மொழியில் நடந்ததால், இரண்டாவது வசனத்துக்குள் அந்த மொழிக்கே போய்விட்டாள். ரென் ஓடினான், மேசையில் இடித்தான், மூக்கு... அந்தச் சொல் வரவில்லை. மடியில் பிள்ளையை வைத்திருந்தபோது தேவைப்படாத சொல். மூக்கின் இரத்தம் என்று ஒப்பேற்றினாள்.

“ஹனாஜி” என்றாள் பிரணவி, தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“ஓம், ஹனாஜி. நிறைய வந்தது.”

“அழுதானா?”

இதை அவள் எந்த மொழியில் கேட்டாள் என்பதைக் கம்சாயினி பிறகு நினைத்துப் பார்த்தாள். நினைவு வரவில்லை. அழுதான் என்று பதில் சொன்னது மட்டும் நினைவிருந்தது. ஏப்ரனைக் கழற்றிக் குளிர்த் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டு, அடுத்த சனிக்கிழமைக்குள் காயுமோ என்று ஜன்னலால் வெளியே மழையைப் பார்த்தாள்.